அமெரிக்க நாணய வரலாறு – 8: பெரிய சென்ட்டும் அதைத் தேடியவர்களும்

அமெரிக்க நாடாளுமன்றம் 1857 பிப்ரவரி 21 அன்று இயற்றிய நாணயச் சட்டம், அதுவரை அந்நாட்டின் கடைவீதிகளில் சட்டப்படியே புழங்கிவந்த ஸ்பானிய வெள்ளிக் காசுகள் முதலான அயல்நாட்டு நாணயங்களின் செல்லுபடியை நீக்கியதோடு, 1793 முதல் பிலடெல்பியா நாணயச்சாலையில் அடிக்கப்பட்டுவந்த செப்புச் சென்ட்டையும் அரைச் சென்ட்டையும் ஒருங்கே நிறுத்தியது. அவற்றின் இடத்திற்கு 88 விழுக்காடு செம்பும் 12 விழுக்காடு நிக்கலும் கலந்த, 19 மில்லிமீட்டர் விட்டமே உடைய, பறக்கும் கழுகின் உருவம் பொறித்த சிறிய சென்ட் வந்தது. மே 25 அன்று புதிய காசு வெளியானபோது, பழைய செம்பையும் ஸ்பானிய வெள்ளியையும் கொடுத்து அதை மாற்றிக்கொள்ள நாணயச்சாலையில் பெருங்கூட்டம் திரண்டது. இரண்டு தலைமுறையாக மக்கள் கையில் கனத்துக் கிடந்த காசு இனி வராது என்று தெரிந்தவுடன், அதைப் பத்திரப்படுத்தும் ஆசையும் பிறந்தது. ஒருசில செல்வர்களும் அறிஞர்களும் மட்டும் பேணிவந்த நாணயச் சேகரிப்பு அமெரிக்காவில் பரவலான பழக்கமானது இந்த ஆண்டிலிருந்துதான். அடுத்த ஆண்டே பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும், 1860இல் பாஸ்டனிலும், நாணயவியல் கழகங்கள் தோன்றின.

இச்சேகரிப்பாளர்கள் தொடக்கத்தில் மேற்கொண்ட முறை எளியது. ஆண்டுக்கு ஒரு சென்ட் என்ற கணக்கில் 1793 முதல் 1857 வரை வரிசையை நிரப்புவதே அவர்கள் நோக்கம். அந்த வரிசையில் 1815ஆம் ஆண்டு மட்டும் என்றும் நிரம்பாது. 1812இல் பிரிட்டனோடு மூண்ட போரால், முத்திரை குத்துவதற்கு ஆயத்தமாக வெட்டிய செப்பு வில்லைகள் இங்கிலாந்திலிருந்து வருவது நின்றுபோக, அந்த ஆண்டைப் பொறித்த சென்ட் ஒன்றுகூட அடிக்கப்படவில்லை. மற்ற ஆண்டுகளில் பெரும்பாலானவை சில்லறைப் பெட்டியைக் கிளறினாலே கிடைத்தன. 1793, 1799, 1804 ஆகிய மூன்றும் அவ்வாறு கிடைக்கவில்லை. அவை ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு விடை தேடப்போனவர்கள்தாம், தொடக்கக் கால அமெரிக்க நாணயச்சாலை எவ்வாறு இயங்கியது என்ற வரலாற்றையே காசுகளிலிருந்து எழுதி முடித்தார்கள். அந்த வரலாற்றில் பெரும்பகுதிக்கு அரசு ஆவணம் கிடையாது. காசே அதற்கு ஆவணம்.

1792 ஏப்ரல் 2 அன்று இயற்றப்பட்ட சட்டத்தின்படி பிலடெல்பியாவில் நாணயச்சாலை நிறுவப்பட்டு, வானியலாளர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் அதன் முதல் இயக்குநராக அமர்ந்தார். முந்தைய பகுதிகளில் கண்ட வெர்மான்ட், கனெக்டிகட், நியூ ஜெர்சி, மசாசூசெட்ஸ் மாநிலங்களின் செப்புக் காசுகளும், அவற்றோடு கலந்துகிடந்த கள்ளக் காசுகளும் மக்களை அலைக்கழித்துக்கொண்டிருந்ததால், நாடு முழுவதற்கும் பொதுவான செப்புக் காசு வேண்டும் என்ற நெருக்கடி இருந்தது. சட்டம் முதலில் சென்ட்டுக்கு 264 கிரெயின் செம்பை விதித்தது. ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். ஆனால் செம்பின் விலை ஏறியதால், ஒரு காசுகூட வெளிவருவதற்கு முன்பே, 1793 ஜனவரியில் அது 208 கிரெயினாகக் குறைக்கப்பட்டது. 1795இன் இறுதியில் மறுபடியும் 168 கிரெயினாக இறங்கியது. அரைச் சென்ட்டின் எடை எப்போதும் இதில் பாதி. காசின் முகமதிப்புக்கு நெருக்கமான மதிப்புள்ள உலோகம் அதற்குள் இருந்தாக வேண்டும் என்ற கொள்கையை அன்றைய அரசு எவ்வளவு உறுதியாகப் பற்றியிருந்தது என்பதை இந்த எடைக் குறைப்புகளே காட்டுகின்றன.

காசின் முன்புறத்தில் குடியரசுத் தலைவரின் தலையைப் பொறிக்க வேண்டும் என்று செனட் முன்மொழிந்ததைப் பிரதிநிதிகள் அவை மறுத்து, சுதந்திரத்தைக் குறிக்கும் உருவமே இருக்க வேண்டும் என்று வலியுறுத்தி வென்றது. முடியரசுகளின் வழக்கம் தம் நாட்டில் தலைகாட்டக் கூடாது என்பதே அவர்கள் வாதம். அதன் விளைவாக 1793 மார்ச் மாதத்தின் முதல் இரண்டு வாரத்திற்குள் அடித்து வெளியிடப்பட்ட 36,103 சென்ட்டுகளில், விரிந்த கூந்தல் பின்னால் பறக்கும் ஒரு பெண்ணின் தலை முன்புறத்திலும், ஒன்றோடொன்று கோத்த 15 கண்ணிகளைக் கொண்ட சங்கிலி வளையம் பின்புறத்திலும் இடம்பெற்றன. 15 கண்ணிகள் அன்றைய 15 மாநிலங்களின் ஒற்றுமையைக் குறிக்க வைக்கப்பட்டவை. பார்த்தவர்கள் அவ்வாறு பொருள்கொள்ளவில்லை. சுதந்திரம் என்ற சொல்லைத் தாங்கிய காசின் மறுபக்கத்தில் சங்கிலி இருப்பது கெட்ட சகுனம் என்று செய்தித்தாள்களில் கண்டனம் எழுந்தது. அந்தப் பெண்ணின் முகம் அச்சத்தில் உறைந்திருப்பதாகவும் குறை கூறினர். 1790ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி ஏறத்தாழ 7 லட்சம் பேரை அடிமைகளாக வைத்திருந்த நாட்டில், அந்தக் கண்டனம் அதை எழுதியவர்கள் கருதியதைவிடவும் உண்மையாக இருந்தது.

நாணயச்சாலை உடனே பணிந்தது. சங்கிலிக்குப் பதிலாக இலைமாலை வந்தது. பெண்ணின் கூந்தல் சற்றுத் திருத்தம் பெற்றது. ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையில் இந்த மாலைச் சென்ட்டுகள் 63,000க்கு மேல் அடிக்கப்பட்டன. பிறகு ஜோசப் ரைட் என்ற ஓவியர், ஒரு கோலின் முனையில் விடுதலைத் தொப்பி தொங்க, தோள்மேல் கூந்தல் சரிந்த அமைதியான முகத்தைச் செதுக்கினார். விடுதலைத் தொப்பி என்பது பண்டைய ரோமில் விடுவிக்கப்பட்ட அடிமை அணிந்த கூம்புக் குல்லாய். பெஞ்சமின் பிராங்க்ளினின் முயற்சியால் பாரிஸில் ஒகுஸ்தென் துய்ப்ரே வடித்த பதக்கத்தின் சாயல் இதில் உண்டு. ரைட்டின் வேலை முந்தைய இரண்டையும்விடப் பல மடங்கு மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆண்டின் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் பிலடெல்பியாவை வாட்டிய மஞ்சள் காய்ச்சல் நகரத்தில் ஏறத்தாழ 5,000 பேரைக் கொன்றபோது ரைட்டும் இறந்துபோனார். செப்டம்பரில் நாணயச்சாலை கதவடைத்தது. தொப்பிச் சென்ட் அந்த ஆண்டில் 11,056 மட்டுமே அடிக்கப்பட்டிருந்தது. ஆக, 1793 என்ற ஒரே ஆண்டுக்குள் மூன்று வடிவங்கள் பிறந்தன. மூன்றையும் நல்ல நிலையில் ஒருசேர வைத்திருப்பது இன்றும் ஒரு சேகரிப்பாளரின் வாழ்நாள் உழைப்பைக் கேட்கும்.

இந்தக் காசுகள் ஏன் ஒன்றுபோல் ஒன்று இல்லை என்பதை விளங்கிக்கொள்ள, அவை அடிக்கப்பட்ட விதத்தை அறிய வேண்டும். நாணயச்சாலையில் குதிரைகள் சுற்றிய உருளைகளுக்கு இடையே செப்புப் பாளங்கள் தகடாக நசுக்கப்பட்டன. தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்பட்டன. இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வில்லையை வைத்து, ஆட்கள் நீண்ட கையை இழுத்துச் சுழற்றிய திருகு அழுத்தியால் முத்திரை குத்தப்பட்டது. நீராவி எந்திரம் 1816இல்தான் அங்கு வந்தது. காசு குத்தும் வேலைக்கே நீராவி பயன்பட்டது 1836 மார்ச் முதல்தான். இவற்றுள் அச்சு என்பதே இங்கு முதன்மையானது. பழுக்கக் காய்ச்சி மெதுவாக ஆறவிட்ட மென்மையான எஃகுத் துண்டில், தலையின் உருவம் ஒரு துளையுளியால் பதிக்கப்பட்டது. அதற்குப்பின் எழுத்துகள், எண்கள், மாலையின் இலைகள், காய்கள் ஆகியவற்றைத் தச்சர் ஆணி அடிப்பதுபோல ஒவ்வொன்றாகக் கையால் வைத்து, சுத்தியலால் அடித்து இறக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் அச்சைச் சூடாக்கி நீரில் தோய்த்துக் கடினமாக்கினார்கள். அன்றைய எஃகின் தரம் சீராக இல்லாததால், சில அச்சுகள் ஆயிரக்கணக்கான காசுகளை அடித்தன. சில அச்சுகள் சில நூறு காசுகளிலேயே விரிசல் கண்டு உடைந்தன.

கையால் அடித்த எழுத்து எந்த இரண்டு அச்சிலும் ஒரே இடத்தில் அமையாது. ஓர் அச்சில் ஆண்டின் கடைசி எண் சற்றுத் தாழ்ந்து நிற்கும். இன்னொன்றில் கூந்தலின் கீழ்ச்சுருள் எண்ணை உரசும். பின்புறத்தில் இலையின் நுனி ஒன்றில் எழுத்தின் காலுக்கு நேராகவும் மற்றொன்றில் இடைவெளிக்கு நேராகவும் இருக்கும். கைதவறியவையும் உண்டு. 1796ஆம் ஆண்டின் ஓர் அச்சில் லிபர்ட்டி என்ற ஆங்கிலச் சொல்லின் மூன்றாம் எழுத்தைத் திருப்பி அடித்துவிட்டு, பிறகு அதன்மேலேயே சரியாக அடித்ததால், சொல்லே மாறிப்போனதுபோல் தெரிகிறது. 1801ஆம் ஆண்டின் ஒரு பின்புற அச்சில் ஒரே வேளையில் மூன்று பிழைகள் சேர்ந்திருக்கின்றன. யுனைடெட் என்ற சொல்லின் முதலெழுத்து இரண்டு தனித்தனிக் கோடுகளாக நிற்கிறது. மாலையின் இடப்புறக் காம்பு இல்லை. நூற்றில் ஒரு பங்கு என்பதைக் காட்டும் பின்னத்தின் கீழ்ப்பகுதியில் நூறுக்குப் பதிலாக மூன்று சுழியங்கள் வரிசையாக இருக்கின்றன. இந்தப் பிழைகளை எவரும் சட்டை செய்யாமல் காசுகளை அடித்து வெளியே அனுப்பினார்கள் என்பது, ஆள்பற்றாக்குறையும் அவசரமும் நிறைந்த அந்த இடத்தைப் பற்றி எந்த ஆண்டறிக்கையைவிடவும் தெளிவாகப் பேசுகிறது.

ஒரு முன்புற அச்சும் ஒரு பின்புற அச்சும் சேர்ந்த இணையையே நாணயவியலார் ‘வகை’ என்று குறிக்கின்றனர். இணையில் ஒன்று உடைந்தால் மற்றொன்றுக்குப் புதுத்துணை சேர்க்கப்படும். அது உடைந்தால் மீண்டும் வேறொன்று. ஆகவே ஒரு பின்புற அச்சு இரண்டு, மூன்று முன்புற அச்சுகளோடு வரும். அந்த அச்சில் மயிரிழையாகத் தொடங்கிய விரிசல் எந்த இணையில் குட்டையாகவும் எந்த இணையில் நீண்டும் இருக்கிறது என்று ஒப்பிட்டால், எது முன்னால் அடிக்கப்பட்டது, எது பின்னால் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். நாணயச்சாலையின் கணக்கேடுகள் எத்தனை காசுகள் கருவூலத்துக்கு ஒப்படைக்கப்பட்டன என்பதையே பதிந்தன. எந்த அச்சு எப்போது பயன்பட்டது, எப்போது உடைந்தது என்று அவை கூறுவதில்லை. மேலும், ஆண்டு முடிந்துவிட்டது என்பதற்காக நல்ல அச்சை எறிந்துவிடும் வசதி அந்த ஏழை நாணயச்சாலைக்கு இல்லை. கணக்கின்படி 1799இல் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட சென்ட்டுகள் அடிக்கப்பட்டிருந்தும், அந்த ஆண்டைத் தாங்கிய காசு மிக அரிதாக இருப்பதற்கு இதுவே ஏற்கத்தக்க விளக்கம்: அந்த ஆண்டின் உற்பத்தியில் பெரும்பகுதி 1798 என்று பொறித்த பழைய அச்சுகளால் அடிக்கப்பட்டது.

செம்பின் வரத்தும் அப்படியே தடுமாற்றத்துக்கு உட்பட்டிருந்தது. தொடக்கத்தில் பழைய பாத்திரம், தகடு, ஓட்டை உடைசல் என்று கிடைத்ததையெல்லாம் வாங்கி உருக்கினார்கள். 1797 முதல் பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் ஆலையிலிருந்து தரமான வில்லைகள் வரத் தொடங்கும்வரை இந்நிலை நீடித்தது. அதற்கு முன்பு நடந்த ஒரு கொள்முதல் இந்திய வாசகருக்குத் தனிச் சுவை தரக்கூடியது. நியூயார்க்கில் பேர்ல் தெருவில் இந்திய வணிகம் நடத்திவந்த டால்பட், ஆலம், லீ என்ற கூட்டு நிறுவனம், கப்பல் உருவம் பொறித்த செப்பு வில்லைகளை 1794, 1795 ஆகிய ஆண்டுகளைப் பொறித்துத் தன் பெயரில் வெளியிட்டிருந்தது. சில்லறைத் தட்டுப்பாட்டுக் காலத்தில் வணிகர்கள் இவ்வாறு தனியே வில்லைகள் வெளியிடுவது வழக்கம். அந்த நிறுவனத்திடம் தேங்கிய வில்லைகளை நாணயச்சாலை மொத்தமாக வாங்கி, அளவுக்கு வெட்டிச் சிறிதாக்கி, அவற்றின்மேல் அரைச் சென்ட்டின் முத்திரையைக் குத்தியது. நன்கு அழுந்தாத அரைச் சென்ட்டுகளில், சுதந்திர மங்கையின் தலைமயிருக்கு இடையே கப்பலின் பாய்மரக் கயிறும் வணிகரின் எழுத்தும் மங்கலாக எட்டிப்பார்ப்பதை இன்றும் காணலாம். சரியாக அடிபடாத சென்ட்டுகளையும் இவ்வாறே வெட்டி அரைச் சென்ட்டாக்கினார்கள்.

தேடியவர்களுள் முதலில் குறிப்பிடத்தக்கவர் ஜோசப் மிக்லி. 1799இல் பென்சில்வேனியாவில் பிறந்து, பிலடெல்பியாவில் இசைக் கருவிகள் செய்வதையும் செப்பனிடுவதையும் தொழிலாகக் கொண்டிருந்த அவர், தம் பிறந்த ஆண்டைத் தாங்கிய சென்ட் ஒன்று வேண்டும் என்று இளமையிலேயே தேடத் தொடங்கினார். மிகச் சாதாரணமான இந்த விருப்பம், அவர் அறியாமலே, வரிசையில் மிக அரிதான ஆண்டின்மேல் போய் விழுந்தது. காசு எளிதில் அகப்படாததால் தேடல் நீண்டது. நீண்ட தேடலில் பிற காசுகள் சேர்ந்தன. நாளடைவில் அவருடைய வீடு அமெரிக்க நாணயவியலின் சந்திப்பிடமாயிற்று. 1867இல் அந்த வீட்டில் பெரிய திருட்டு நடந்து, அயல்நாட்டுக் காசுகளில் பெரும்பகுதி பறிபோன பிறகு, எஞ்சியதை அவர் விற்றுவிட்டார். 1878இல் அவர் இறந்தபோது, அவருடைய தலைமுறை தொடங்கிய ஆண்டுவாரித் தேடல் வேறொரு கட்டத்துக்கு மாறியிருந்தது.

அரிய ஆண்டுகளுக்கு விலை ஏறியவுடன் போலிகளும் வந்தன. 1798ஆம் ஆண்டுக் காசின் கடைசி எண்ணைச் சுரண்டி 1799 ஆக்கினார்கள். 1804க்கும் இதே கதி. அசலின் இரு பக்கங்களையும் மின்பகுப்பு முறையில் மெல்லிய செப்புத் தோடாகப் படியெடுத்து, உள்ளே ஈயம் நிரப்பி ஒட்டிய நகல்களும் பரவின. இவற்றை விளிம்பில் ஓடும் ஒட்டுக் கோட்டாலும், தட்டினால் மந்தமாக ஒலிப்பதாலும் கண்டுகொள்ளலாம். 1860ஐ ஒட்டி, நாணயச்சாலை கழித்துப்போட்ட துருவேறிய பழைய அச்சுகளைக் கொண்டு தனியார் சிலர் 1804 என்ற ஆண்டில் சென்ட்டுகளை அடித்தார்கள். அவற்றின் முன்புறம் 1803ஆம் ஆண்டு அச்சைத் திருத்தியது. பின்புறமோ பதினாறு ஆண்டுகள் பிந்திய 1820ஆம் ஆண்டு அச்சு. அச்சுகளைத் தனித்தனியே இனங்காணும் பயிற்சி பெற்றவர் கண்ணில் இந்தப் பொருந்தா இணை ஒரு நொடியில் பிடிபட்டுவிடும். அந்தப் பயிற்சி வளர்வதற்குப் போலிகளின் தொல்லையும் ஒரு காரணம்.

அந்தப் பயிற்சிக்கு நூல்வடிவம் தந்தவர் பிலடெல்பியாவின் மருத்துவர் எட்வர்ட் மாரிஸ். அவர் 1869இல் 1794ஆம் ஆண்டுச் சென்ட்டுகளின் வகைகளை மட்டும் ஆராய்ந்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஐம்பதுக்கும் மேற்பட்ட அச்சிணைகள் இன்று அறியப்பட்டுள்ள அந்த ஆண்டைத் தேர்ந்தது அவருடைய கூர்மையைக் காட்டுகிறது. அவர் வகைகளுக்கு எண்ணோடு பெயரும் சூட்டினார்: கடல்மகள் வீனஸ், ஆப்பிள் கன்னம், இரட்டை மோவாய், சரிந்த நான்கு. நோயாளியின் முகத்தைப் படிக்கப் பழகிய கண்ணுக்கு, ஒரே பெண்ணின் தலை அச்சுக்கு அச்சு மாறுவது இவ்வளவு நுட்பமாகத் தெரிந்திருக்கிறது. பெயர்கள் விளையாட்டுப் போலத் தோன்றினாலும் பயன் பெரிது. படம் அச்சிடுவது அரிதாக இருந்த காலத்தில், ஒரு பெயரைச் சொன்னால் நாட்டின் மறுகோடியில் இருப்பவருக்கும் எந்தக் காசு என்று புரிந்தது. அதே 1869இல், 1793ஆம் ஆண்டுச் சென்ட் வகைகளின் நிழற்படத் தகடு ஒன்றை லெவிக் என்பவர் நாணயவியல் இதழில் வெளியிட உதவினார். மாநிலக் காசுகளையும் குடியேற்றக் காலக் காசுகளையும் முழுமையாக ஆராய்ந்த சில்வெஸ்டர் கிராஸ்பியின் பெருநூல் 1875இல் நிறைவுற்றது. பின்னர் 1897இல் அவரே 1793ஆம் ஆண்டின் காசுகளைத் தனியே ஆராய்ந்து எழுதினார்.

கண்ணை மட்டும் நம்பிய இந்த ஆய்வு என்னவெல்லாம் வெளிக்கொணர முடியும் என்பதற்கு 1794ஆம் ஆண்டின் ஒரு காசே போதும். 1877இல் ஹென்றி சாப்மன் என்ற இளைஞர், வழக்கமான சென்ட் ஒன்றின் பின்புறத்தை உற்றுநோக்கியபோது, விளிம்பை ஒட்டிய பற்களுக்கு இடையிடையே நுண்ணிய ஐந்துமுனை விண்மீன்கள் இருப்பதைக் கண்டார். மொத்தம் 94 விண்மீன்கள். காசு தேய்ந்தால் முதலில் அழிவது அந்த விளிம்புதான்; ஆகவே பெரும்பாலான பிரதிகளில் சில விண்மீன்களே எஞ்சியிருக்கின்றன. எதற்காக அவை அடிக்கப்பட்டன என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. ஆண்டின் கடைசி இரண்டு எண்களோடு 94 ஒத்துப்போவது தற்செயலாகவே இருக்கக்கூடும். அச்சின் வட்டத்தைப் பிரித்துப் பழகிய பயிற்சித் துண்டு ஒன்று பின்னர் வீணாக்கப்படாமல் காசு அடிக்கவும் பயன்பட்டது என்று கொள்வது, அந்த நாணயச்சாலையின் சிக்கன இயல்போடு பொருந்துகிறது. எண்பதாண்டுக்கு மேல் ஆயிரக்கணக்கான கைகள் வழியே சென்ற காசில், 94 விண்மீன்களை ஒருவரும் எழுத்தில் பதியவில்லை என்பது வியப்புக்குரியது.

புதையல்களும் உதவின. 1796, 1797 ஆகிய ஆண்டுகளின் சென்ட்டுகள் ஏறத்தாழப் புதிதாகவே மசாசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் பகுதியில் ஒரு குடும்பத்திடம் இருந்து வெளிவந்தன. 1816 முதல் 1820 வரையிலான காசுகள் நிரம்பிய மரப்பீப்பாய் ஒன்று, உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஜார்ஜியாவில் தொடர்வண்டி நிலைய மேடையின் அடியில் கிடைத்தது. அந்த ஐந்தாண்டுகளின் காசுகள் சந்தையில் சிவப்பு மாறாமல் மலிவாகக் கிடைப்பது இதனால்தான்.

செம்பு வெள்ளியையும் பொன்னையும் போன்றதன்று. புதிதாக அடித்த செம்பின் செந்நிறம் காற்றும் ஈரமும் பட்டுச் சில ஆண்டுகளிலேயே பழுப்பாகும். மண்ணில் புதைந்தால் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு உள்ளே அரித்தால் மேற்பரப்பு புள்ளிபுள்ளியாகக் குழியும். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிய செம்பு வீட்டில் அழகாக இருக்கும். காசில் அது பேரிழப்பு, ஏனென்றால் தேய்த்த பரப்பு மீண்டும் தன் இயல்பான நிறத்தை அடைவதில்லை. எனவே தேர்ந்த சேகரிப்பாளர், சாக்லேட் நிறத்தில் மழமழப்பாக அடங்கிய பரப்பையே உயர்வாக மதித்து, ஒட்டக மயிர்த் தூரிகையால் மெதுவாக நீவுவதோடு நிறுத்திக்கொள்வார். தேய்மானத்தின் அளவு ஒன்று, பரப்பின் நயம் வேறொன்று என்று பிரித்து மதிப்பிட்டு, ஒவ்வொரு நிலைக்குள்ளும் நயம், நடுத்தரம், மட்டம் எனத் தரம் காணும் வழக்கம் இவர்களிடம்தான் வளர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் ஹோவர்ட் நியூகம் 1816 முதல் 1857 வரையிலான சென்ட்டுகளின் வகைகளைத் தொகுத்து 1944இல் வெளியிட்டார். அலுமினியத் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான பிட்ஸ்பர்க்கின் ஜார்ஜ் கிளாப், 1793 முதல் 1814 வரையிலான தம் மிகச்சிறந்த சேகரிப்பை 1946இல் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்துக்குக் கொடையாக அளித்தார். இந்த இரண்டு உழைப்புகளின்மேல் நின்றுதான் வில்லியம் ஷெல்டன் 1949இல் தம் நூலை எழுதினார். மனிதரின் உடலமைப்பை மூன்று வகையாகப் பிரித்து அதிலிருந்து மனப்பாங்கை ஊகிக்கலாம் என்ற கோட்பாட்டால் உளவியலில் பெயர்பெற்ற அவர், வகைப்படுத்தும் அதே ஆர்வத்தைச் செம்பிலும் காட்டினார். தொடக்கக் காலச் சென்ட்டுகளுக்கு 295 எண்களை அளித்தார். மிகச் சிலவே கிடைப்பதால் யாரும் சேகரிக்க முடியாதவற்றைத் தனிப் பட்டியலாக ஒதுக்கினார். எத்தனை பிரதிகள் எஞ்சியுள்ளன என்பதை 1 முதல் 8 வரையிலான அருமைப் படிகளால் குறித்தார்: எட்டாம் படியென்றால் மூன்றுக்கு மேல் இல்லை, ஏழாம் படியென்றால் நான்கு முதல் பன்னிரண்டு. ஒவ்வொரு வகையிலும் மிகச்சிறந்த பிரதிகளின் நிலையை வரிசைப்படுத்திப் பதிவு செய்தார். இவற்றுள் எல்லாம் நீடித்தது அவருடைய 70 புள்ளி அளவுகோல். 1794ஆம் ஆண்டுச் சென்ட்டுகளின் பழைய விலைகளை ஆராய்ந்து, இனங்காணும் அளவுக்கு மட்டுமே உருவம் எஞ்சிய காசின் விலை 1 என்றால், அடித்த அன்றைய நிலையில் இருப்பதன் விலை 70 என்று அவர் கணக்கிட்டார். ஒரு வகையின் அடிப்படை விலை 2 டாலர், காசின் நிலை 30 புள்ளி என்றால், விலை 60 டாலர். சந்தை சில ஆண்டுகளிலேயே இந்தப் பெருக்கலை மீறிச் சென்றுவிட்டது. விலைக்குப் பயன்படாத எண்ணோ நிலையைக் குறிக்கும் எண்ணாகத் தங்கி, பொன், வெள்ளி என எல்லா அமெரிக்கக் காசுகளுக்கும் இன்று அதுவே அளவாகிவிட்டது.

ஷெல்டனின் ஒதுக்கப்பட்ட பட்டியலில் இருப்பவற்றுள் ஒன்று 1793ஆம் ஆண்டு மாலைச் சென்ட்டின் ஒரு வகை. ஆண்டுக்கு மேலே உள்ள சிறு தளிரில் மூவிலை அமைந்து ஸ்ட்ராபெரி இலையை ஒத்திருப்பதால் ‘ஸ்ட்ராபெரி இலை’ என்று பெயர் பெற்றது. அறியப்பட்ட நான்கு காசுகளும் நன்றாகத் தேய்ந்தவை. அவற்றுள் சிறந்தது 2009 ஜனவரியில் 8,62,500 டாலருக்கு ஏலம் போயிற்று. சங்கிலிச் சென்ட் முதல் இந்தத் தளிர்வரை, கடைசிக் காசின் இடத்தையும் உடைமையாளர் வரிசையையும் பதிந்துவைக்கும் உழைப்பைப் பெரிதும் தாங்குவது, 1967இல் தொடங்கப்பட்ட தொடக்கக் கால அமெரிக்கச் செப்புக் காசுச் சங்கமும், அதன் இதழான பென்னி-வைஸும்.

இவ்வளவு நுட்பமான அறிவு ஒருவர் கையில் சேர்ந்தபோது அது என்ன செய்யும் என்பதையும் இந்த வரலாறு மறைக்க முடியாது. 1977இல் ஷெல்டன் இறந்து பல ஆண்டுகள் சென்றபின், அமெரிக்க நாணயவியல் கழகத்தில் இருந்த கிளாப்பின் காசுகளைப் பழைய நிழற்படங்களோடும் குறிப்புகளோடும் ஒப்பிட்டவர்கள், பெட்டியில் இருப்பவை பல இடங்களில் கிளாப் கொடுத்தவை அல்ல என்று கண்டார்கள். அதே வகையைச் சேர்ந்த, ஆனால் நிலையில் தாழ்ந்த காசுகள் அங்கே இருந்தன. கிளாப்பின் காசுகளோ ஷெல்டனின் சேகரிப்பு வழியாக வெளியே போயிருந்தன. ஆய்வுக்காகக் கழகம் அவருக்குத் திறந்துவிட்ட பெட்டிகளிலிருந்தே அவர் மாற்றி எடுத்தார் என்பது கழகத்தின் குற்றச்சாட்டு. அவருடைய சேகரிப்பை 1972இல் நல்லெண்ணத்தோடு விலைகொடுத்து வாங்கியிருந்த கலிபோர்னியச் சேகரிப்பாளர் ஒருவர், காலம் கடந்துவிட்டதால் காசுகள் தமக்கே உரியவை என்று வழக்காடினார். திருட்டுப்பொருள் யாரிடம் இருக்கிறது என்பதை உரிமையாளர் அறிந்த நாளிலிருந்தே கால வரம்பு தொடங்கும் என்று அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது.

எந்தக் காசு கிளாப்புடையது என்று கூறுவதற்கு அச்சிணையை இனங்காண்பது போதாது, ஏனெனில் மாற்றி வைக்கப்பட்டவையும் அதே அச்சிணையில் வந்தவையே. விளிம்பில் பட்ட ஓர் அடி, கன்னத்தில் விழுந்த ஒரு கீறல், எழுத்துக்கு அருகே படிந்த ஒரு கருநிறப் புள்ளி ஆகியவற்றை நிழற்படத்தோடு ஒவ்வொன்றாகப் பொருத்தியே அது நிறுவப்பட வேண்டியிருந்தது. மாரிஸ் அச்சுகளைப் பிரித்தறியத் தொடங்கிய கண், நூற்றிருபது ஆண்டுக்குப்பின், ஒரே அச்சில் பிறந்த காசுகளையும் தனித்தனியே அறியக் கற்றிருந்தது.

(தொடரும்)